ரெண்டு ஏஸ், ரெண்டு நிமிஷம்

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சது. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, அதான் தள்ளிப் போயிடுச்சு. போக்கர் தெரியாதவங்க ஓடிடாதீங்க மக்களே, ரம்மி தெரிஞ்சாலே பாதி புரிஞ்சுடும் :-)

போன லாங் வீக்கெண்ட் சான் ஹோசேலேர்ந்து நாலு பேரு கார்ல எட்டு மணி நேரம் ஓட்டி லாஸ் வேகாஸ் போனோம். மத்த மூணு பேரும் ஸ்லாட் மெஷின்ல பட்டனை அமுக்கிட்டிருக்க, நான் மட்டும் போக்கர் ரூமுக்குள்ள நுழைஞ்சேன். 2/5 நோ லிமிட் ஹோல்டெம். ஒவ்வொரு ஆட்டத்துலயும் ரெண்டு பேரு கார்டைப் பாக்குறதுக்கு முன்னாடியே 2 டாலர், 5 டாலர் வைக்கணும், அதுதான் பிளைண்ட். ஆளுக்கு ரெண்டு கார்டு கையில, பொதுவா அஞ்சு கார்டு டேபிள்ல.

கையில 500 டாலர். அது போனா எழுந்துடணும்ங்கறது எனக்கு நானே போட்ட சட்டம். ஆனா ராத்திரி ஒரு மணிக்கு முன்னாடி 1500 டாலர் சிப்ஸ் அடுக்கியிருந்துச்சு. அங்கதான் வந்தது வினை.

2003-ல கிறிஸ் மணிமேக்கர்ங்கற அக்கவுண்டன்ட் உலக சாம்பியன்ஷிப்ல 25 லட்சம் டாலர் ஜெயிச்சாரே, அது டோர்னமென்ட். அங்க பிளைண்ட் ஏறிக்கிட்டே போகும். கொஞ்ச நேரத்துல எல்லார்கிட்டயும் பிளைண்டோட ஒப்பிட்டா சிப்ஸ் கம்மியாயிடும். ஏஸ் ஜோடி வந்தா தள்ளிட வேண்டியதுதான். கேஷ் கேம்ல பிளைண்ட் மாறாது, காசு மட்டும் குவியும். 5 டாலர் பிளைண்டுக்கு 1500, அதாவது 300 மடங்கு. இதைத்தான் டீப் ஸ்டாக்னு சொல்றாங்க.

எனக்கு வந்தது ரெண்டு ஏஸ், கிளாவரும் இஸ்பேடும். 25 வச்சேன். கடைசி சீட்ல தொப்பி போட்ட ஒரு பெரியவர் மட்டும் கூட வந்தார். பாக்க ரிட்டயர்ட் கணக்கு வாத்தியார் மாதிரி இருப்பார். அவர் முன்னாடி என்னைவிட அதிக சிப்ஸ்.

முதல் மூணு கார்டு: ஜாக்கி, 8 ரெண்டும் கிளாவர், 4 ஆர்ட்டின். பாட்ல 57 டாலர். 40 வச்சேன், வந்தார். நாலாவது கார்டு டைமன் ராஜா. 100 வச்சேன், வந்தார். அஞ்சாவது இஸ்பேடு 2. ஒண்ணுத்துக்கும் உதவாத கார்டு. பாட்ல 337. சந்தோஷமா 200 வச்சேன்.

பெரியவர் அரை நிமிஷம் யோசிச்சுட்டு ஆல் இன்னு சொல்லிட்டார்.

கூட போகணும்னா மிச்சமிருக்குற 1135 மொத்தமும் உள்ள போகணும். ரூபாய்ல மாத்திப் பாக்கக்கூடாதுன்னு எத்தனை தடவை முடிவு பண்ணாலும் மனசு கேக்குமா? ஊர்ல தம்பியோட ஒரு செமஸ்டர் ஃபீஸ் கண்ணு முன்னாடி வந்து நின்னுச்சு.

சரி, கணக்கு. 1135 போட்டா மொத்தம் 3007. நூறுல 38 தடவை நான் ஜெயிச்சா கூட போறது நஷ்டமில்ல. அவர்கிட்ட என்ன இருக்கும்? 8 செட், 4 செட் (ரம்மில சொல்ற அதே செட்தான்), இல்ல ராஜா-ஜாக்கி ரெண்டு ஜோடி. எல்லாமே என்னை அடிக்கும். நான் ஜெயிக்கணும்னா அவர் ப்ளஃப் பண்ணணும், அதாவது கிளாவருக்குக் காத்திருந்து ஏமாந்திருக்கணும். ஆனா கிளாவர் ஏஸ் என் கையிலயே இருக்கு! இப்படிப்பட்ட ஆளு கிளாவருக்காகக் கூட வந்தா பெரும்பாலும் அந்த ஏஸோடதான் வருவார். அதுவும் இல்லாம மூணு மணி நேரத்துல கடைசி கார்டுல அவர் ஏத்தினது ரெண்டே தடவை, ரெண்டு தடவையும் பெரிய கை காட்டினார்.

கணக்கு ஃபோல்டுன்னு சொல்லுது. கை மட்டும் விட மாட்டேங்குது. ஏன்னு யோசிச்சா காசு காரணமில்ல. ஒம்போது பேரு முன்னாடி ஒரு பெரியவர் என்னை ஏமாத்திட்டா? அந்தப் பயம்தான். 1135 டாலர் குடுத்து 'நான் ஏமாளி இல்ல'ன்னு ஒரு சர்டிஃபிகேட் வாங்கப் பாத்திருக்கேன்.

ரெண்டு நிமிஷம் கழிச்சு ஃபோல்ட் பண்ணேன்.

அவர் கார்டைக் காட்டல. டீலருக்கு டிப்ஸா ஒரு சிப்பைத் தள்ளிட்டு சிப்ஸை அடுக்க ஆரம்பிச்சுட்டார். நான் எழுந்துட்டேன்.

திரும்பி வர்ற எட்டு மணி நேரமும் கார்ல இதே பேச்சுதான். "ஏஸ் ஜோடியை எவனாவது கீழ போடுவானா? லூசாடா நீ?"ன்னு மாப்ள திட்டிக்கிட்டே வந்தான். 500 டாலரோட உக்காந்திருந்தா அவன் சொல்றது சரி. கடைசி கார்டுல பாட்ல 337, கையில 335. கண்ணை மூடிட்டு தள்ளியிருப்பேன். அதே கார்டு, அதே ஆளு, காசு மூணு மடங்கானதும் முடிவு தலைகீழ்.

தப்பு ஃபோல்ட்ல இல்லைன்னு இப்ப தோணுது. 200 வச்சதுகூட தப்பில்ல. அவர் ஏத்தினா என்ன பண்றதுன்னு முடிவு பண்ணாமயே வச்சேன் பாருங்க, அதுதான் தப்பு. வைக்கிறதுக்கு முன்னாடி யோசிச்சிருந்தா அந்த ரெண்டு நிமிஷ வேர்வை மிச்சம்.

கோடு எழுதினா ரன் பண்ணிப் பாத்துக்கலாம், தப்புன்னா எர்ரர் வரும். இங்க எதுவும் வராது. அவர்கிட்ட என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியப்போறதே இல்ல. ரெண்டு வாரமாச்சு, இன்னும் படுத்தா அந்த இஸ்பேடு 2 தான் வருது.

நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு யாரும் டேபிளுக்குக் கிளம்பிடாதீங்க. மிச்சமான 1135-ல பெரும்பகுதி தம்பி ஃபீஸுக்குப் போயிடுச்சு. அவனுக்கு இந்தக் கதை தெரியாது :-)