துலாம்பென் கப்பல்

பாலித் தீவு, துலாம்பென் கரை. கால் வைக்கிற இடமெல்லாம் கறுப்புக் கூழாங்கல்.
ஸ்நார்க்கல் மாட்டிக்கிட்டு கொஞ்ச தூரம் நீந்தினாலே கீழ கப்பல்!

அமெரிக்க சரக்குக் கப்பல், பேரு லிபர்ட்டி.
1942 ஜனவரியில ஜப்பான் நீர்மூழ்கி டார்பிடோ விட்டுது. இழுத்துட்டு வந்து இந்தக் கரையில ஒதுக்கினாங்க.
1963ல ஆகுங் எரிமலை வெடிச்சப்போ கடலுக்குள்ள சரிஞ்சுடுச்சு.

இப்ப இரும்பு முழுக்க பவளம்.
கிளிமீன் அதைக் கடிக்கிறது, பக்கத்துல யாரோ முறுக்கு தின்ற மாதிரி கேக்குது.

கடல் சாமந்திக்குள்ளேருந்து ஒரு கோமாளி மீன். விரல் நீளம்தான். நேரா வந்து முறைச்சுது.
ஆறடி ஆம்பள நான், சத்தமில்லாம பின்வாங்கிட்டேன் 😄

இந்தக் கப்பலுக்கு இப்ப யாரு ஓனர்?
அமெரிக்காவா, ஆகுங்கா, அந்த விரல் நீள ரவுடியா?
நீங்களே சொல்லுங்க மக்களே.