விரால் பார்ப்பும் அப்பாவின் தூண்டிலும்

போன மாதம் வாசிப்பு வட்டத்துத் தம்பிகளோடு கொள்ளிடக் கரைக்குப் போயிருந்தேன். மணல் அள்ளிய பள்ளங்களில் தண்ணீர் தேங்கி நிற்கும் இடம் அது. ஒரு தம்பி ரீல் வைத்த புதுத் தூண்டிலும் ரப்பர் தவளையும் கொண்டு வந்திருந்தான். அமெரிக்காவில் பாஸ் மீன் பிடிப்பவர்களின் யூடியூப் வீடியோக்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டானாம். நன்றாகவே எறிந்தான்.

கோரைப்புல் ஓரமாகத் தண்ணீர் மேல் செக்கச் செவேலென்று ஏதோ கொதிப்பது போலிருந்தது. விரால் பார்ப்பு. நூற்றுக்கணக்கான குஞ்சுகள் ஒரே கூட்டமாக நெளிந்துகொண்டிருந்தன. தம்பி அதன் மேல் தவளையை எறியக் கை ஓங்கினான். கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏன்க்கா? அடியில பெருசு கண்டிப்பா நிக்கும்."

நிற்கும். அதனால்தான் வேண்டாம் என்றேன்.

விரால் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும் மீன் இல்லை. செடிகளுக்கு நடுவே இடம் ஒதுக்கி, மிதக்கும் முட்டைகளைக் காவல் காக்கும். குஞ்சுகள் பொரித்த பிறகும் கூடவே திரியும். அந்த நேரத்தில் பார்ப்புக்கு மேல் எது அசைந்தாலும் பாய்ந்து கவ்வும். அது பசியில் கவ்வுவதில்லை, பிள்ளையைக் காப்பாற்றத்தான் கவ்வுகிறது. அதைப் பிடித்துவிட்டால் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்று தீர்த்துவிடும்.

இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. அப்பா சொன்னது. அப்பா வாழைத்தோட்டக் கூலி. வேலை இல்லாத நாளில் உய்யகொண்டான் வாய்க்காலுக்கோ கொள்ளிடத்துக்கோ என்னையும் கூட்டிக்கொண்டு போவார். மூங்கில் கழி, நைலான் நரம்பு, ஒரு முள், தக்கை. அவ்வளவுதான் சாமான். ஜிலேபிக்கு மண்புழு, கெண்டைக்குப் பிசைந்த மாவு. கெளுத்திக்கு இருட்டுகிற நேரத்தில் இரையைத் தரையில் கிடத்த வேண்டும், அது மீசையால் தடவித் தேடி வரும். விராலுக்கு உயிர்த்தவளை. இழு, நிறுத்து, மறுபடி இழு. கவ்வியதும் பதறி வெட்டி இழுக்காதே, அது வாய்க்குள் வாங்கிக்கொள்ளும் வரை பொறு.

தண்ணீர் மேல் 'பளக்' என்று ஒரு சத்தம் வரும். "மூச்சு வாங்க வந்திருக்கு பாப்பா" என்பார். விரால் காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் மீன். மேலே வர விடாமல் தடுத்தால் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துப்போகும். கோடையில் குளம் வற்றினால் ஈரச் சேற்றில் புதைந்து கிடந்து அடுத்த தண்ணீருக்குக் காத்திருக்கும். பார்ப்பைப் பார்த்தால் மட்டும் அப்பா தூண்டிலைச் சுருட்டிவிடுவார். "அது புள்ளைய வச்சிருக்கு, விட்டுரு."

பாஸ் மீனிலும் ஆண் மீன்தான் கூட்டைக் காவல் காக்கிறது. அதைப் பிடித்துக் கரைக்குக் கொண்டுவந்த சில நிமிடங்களிலேயே மற்ற மீன்கள் கூட்டுக்குள் புகுந்துவிடுவதை அங்கே ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். வட அமெரிக்காவில் பல இடங்களில் அந்தப் பருவத்தில் பாஸ் பிடிக்கக் கட்டுப்பாடு உண்டு. அங்கே அதற்குப் பெயர் மீன்வள மேலாண்மை. அப்பா சொன்னால் அது வெறும் 'பழக்கம்'.

நானே அப்படித்தான் நினைத்திருந்தேன். கல்லூரியில் டிபன் பாக்ஸில் மீன் கொண்டுபோவதை நிறுத்தினேன். முதுகலையில் எம்.என். சீனிவாஸ் 1952இல் எழுதிய குடகு ஆய்வைப் படித்தபோதுதான் உறைத்தது. மேலே போக விரும்புகிற சாதி தன் சாப்பாட்டை மாற்றிக்கொள்ளும் என்கிறார். அந்த வேலையை நான் ஒருத்தியாக டிபன் பாக்ஸில் செய்துகொண்டிருந்தேன். பிறகு ஸ்ரீரங்கத்தில் வாடகைக்கு வீடு தேடியபோது முதல் கேள்வியே "என்ன சாப்பிடுவீங்க?" என்றுதான் வந்தது. சாதியைக் கேட்காமல் சாதியைக் கேட்கும் கேள்வி அது.

இந்த ஊரில் இது புதிதில்லை. உறையூரில் பாணர் குடியில் வளர்ந்த திருப்பாணாழ்வார், அரங்கத்துக்குள் கால் வைக்கக் கூடாதென்று காவிரியின் தென்கரையிலேயே நின்று பாடினார் என்று வைணவ மரபே சொல்கிறது. தண்ணீர் எடுக்க வந்த அர்ச்சகர் எறிந்த கல் அவர் நெற்றியில் பட்டது. பிறகு அதே அர்ச்சகர் தோளில் தூக்கிப்போனதை எல்லோரும் கொண்டாடுகிறார்கள். எனக்கு அந்தக் கல்தான் ஞாபகத்தில் நிற்கிறது.

கல் இப்போது வேறு உருவத்தில் வருகிறது. ஆற்றில் தூண்டில் போட்டால் யாரும் பெரிதாகக் கேட்பதில்லை. ஊர்க்குளத்தில் போட்டுப் பாருங்கள். மீன்பாசி ஏலம் என்று ஒன்று உண்டு. எப்போது நடந்தது, எவ்வளவுக்குப் போனது, யார் எடுத்தார் என்பது நான் வேலை செய்கிற பல சேரிகளில் யாருக்கும் தெரியாது. ஒரு ஊரில் நம் ஆட்கள் ஏலம் கேட்கப் போனார்கள். "நீங்க எடுத்தா அந்த மீனை யாரு வாங்குவா?" என்று சிரித்து அனுப்பினார்கள். குஞ்சு விடுவதும், காவல் இருப்பதும், சேற்றில் இறங்கி வலை இழுப்பதும் மட்டும் நம் வேலை.

1927 மார்ச் 20 அன்று மகாத்தில் பாபாசாகேப் சவுதார் குளத்துத் தண்ணீரைக் கையில் அள்ளினார். அந்தக் குளத்துத் தண்ணீரைக் குடிக்காவிட்டால் யாரும் செத்துவிடப் போவதில்லை என்று அவருக்கும் தெரியும். பொதுச் சொத்தில் நமக்கும் பங்கு உண்டு என்பதுதான் கேள்வி. மேலவளவில் முருகேசனையும் தோழர்களையும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொன்றதும் அந்தப் பங்கைக் கொடுக்க மனமில்லாமல்தான். ஊராட்சித் தலைவர் நாற்காலி என்பது நாற்காலி மட்டுமில்லை. ஊரின் குளமும் ஏலமும் கணக்கும் அதோடு சேர்ந்து வரும்.

தம்பிகளே, தங்கைகளே, இரண்டு வேலை சொல்கிறேன். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் உட்காருங்கள். எந்த மீன் எங்கே முட்டையிடும், எந்த மாதம் பிடிக்கக் கூடாது என்று கேட்டு, சொன்னவர் பெயரோடு எழுதி வையுங்கள். அடுத்து, மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். அன்று தமிழ்நாட்டில் கிராம சபை கூடும். எழுந்து நின்று மீன்பாசி ஏலக் கணக்கைக் கேளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுதுங்கள். எழுதத் தெரியாவிட்டால் என்னிடம் வாருங்கள், சேர்ந்து எழுதுவோம்.

அன்று தம்பி தவளையைப் பார்ப்பின் மேல் எறியவில்லை. ரீலைச் சுற்றிவிட்டு, "அப்பா வேற என்னக்கா சொல்லியிருக்காரு?" என்று கேட்டான். இருட்டும் வரை சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஜெய் பீம்.