சீவாளியும் ரப்பர் வளையமும்

நாகஸ்வரத்தைக் கிட்டத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? நம்மில் பலர் வாசிப்பைக் கேட்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். வாத்தியத்தின் மேல் பக்கத்தில், நூலில் கோத்த சீவாளிகள் கொத்தாகத் தொங்கும். கூடவே அவற்றைச் செப்பனிட ஓர் ஊசியும் ஆடிக்கொண்டிருக்கும். பார்க்கிறவர்களுக்கு அது அலங்காரம். வித்துவானுக்கோ அது உயிர். சுவாமி புறப்பாட்டின் நடுவே சீவாளி கிழிந்தால், ராகத்தைப் பாதியில் விட்டுவிட்டுக் கடைக்கு ஆள் அனுப்ப முடியுமா?

நான் எழுத வந்தது என்னவோ துப்பாக்கியைப் பற்றி. பயப்பட வேண்டாம், ஆளைக் கொல்லும் துப்பாக்கி அல்ல, அட்டையைத் துளைக்கும் துப்பாக்கி. கோயம்புத்தூரில் இருக்கும் என் தங்கையின் பேத்திக்குப் பதினாறு வயது. ஏர் பிஸ்டல் போட்டிகளில் கலந்துகொள்கிறாள். 10 மீட்டர் தூரத்தில் இலக்கு. அதன் நடுவில் பத்து மதிப்பெண் தரும் வட்டத்தின் குறுக்களவு 11.5 மில்லிமீட்டர், உங்கள் சட்டைப் பொத்தான் அளவுதான். ஒற்றைக் கையை நீட்டி, 75 நிமிடத்துக்குள் 60 தடவை சுட வேண்டும். "இதில் என்ன பிரமாதம்?" என்று கேட்பவர்கள், ஒரு கிலோ அரிசிப் பையை ஒரு கையால் நீட்டிப் பிடித்துக்கொண்டு சுவரில் மாட்டிய காலண்டரில் இன்றைய தேதியைப் பார்த்துக்கொண்டு நிற்கட்டும். எனக்கு ஒரு நிமிஷம் போதுமென்று ஆகிவிட்டது.

இந்தப் பிஸ்டலில் வெடிமருந்து கிடையாது. குழலுக்கு அடியில் இருக்கும் சின்னச் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் காற்றை அடைத்திருக்கிறார்கள். மோட்டார் கார் டயரில் இருப்பது சுமார் 2 பார்தான் என்றால் மற்றதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். உள்ளே இருக்கும் ரெகுலேட்டர் அந்த அழுத்தத்தைக் குறைத்து, ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு காற்றை ஒரு சிற்றறையில் நிரப்பி வைக்கிறது. விசையைத் தொட்டதும் சுத்தி வால்வைத் தட்ட, அரை கிராம் எடையுள்ள ஈயக் குண்டு புறப்படுகிறது. எல்லாம் காற்றின் காரியம். காற்று வழி தவறாமல் பார்த்துக்கொள்வதோ, வளையல் கடையில் கூட யாரும் சீந்தாத சில ரப்பர் வளையங்கள். ஓ-ரிங் என்கிறார்கள்.

நான் போயிருந்த சமயம், அந்த வீட்டில் மரண அமைதி. இரவு 200 காட்டிய முள், காலையில் 140 காட்டியது. மாநிலப் போட்டிக்குப் பத்து நாள் இருந்தது. பெண்ணின் தகப்பன், என் மருமகன், பாங்கியில் குமாஸ்தா. லட்சத்துக்கு மேல் விலை போகும் சாமானை, கடன் வாங்கிப் பழையதாக வாங்கியிருந்தான். அவன் சோப்பு நுரையை ஒவ்வொரு மூட்டிலும் தடவி, சைக்கிள் கடைக்காரர் டியூபைத் தண்ணீரில் அமுக்கிப் பார்ப்பதுபோலக் குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

என் தங்கை பரிவோடு ஒரு யோசனை சொன்னாள். "தையல் மெஷின் எண்ணெய் இருக்கு, ரெண்டு சொட்டு விட்டால் சரியாகிவிடுமே!"

"ஐயோ பாட்டி, வேண்டாம்!" என்று பேத்தி பாய்ந்து வந்து பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டாள். அவள் பயந்ததில் நியாயம் உண்டு. அத்தனை அழுத்தத்தில் காற்று சட்டென்று இறுகும்போது சூடாகும். அங்கே சாதாரண எண்ணெய் இருந்தால், டீசல் என்ஜினில் நடப்பதுபோலத் தீப்பற்றிக்கொள்ளலாம். காற்றுப் புழங்கும் இடத்துக்கு சிலிக்கோன் கிரீஸ்தான். அதுவும் குங்குமம் தொடுகிற மாதிரி ஒரு துளி.

அவளுடைய சாமான் பெட்டியைத் திறந்து காட்டினாள். எழுத்தாளனுக்குப் பெட்டி என்றால் ஆசை. அலன் கீ கொத்து, பொடி ஸ்குரூ டிரைவர்கள், குழலைத் துடைக்கக் கம்பளிக் குண்டுகள், பல அகலங்களில் குறித் தகடுகள், பிடிக்கட்டையைக் கைக்கேற்பத் திருத்த மர மக்கு, அரம், உப்புத்தாள். குண்டுகள் ஒவ்வொன்றும் தனித்தனிக் குழியில் உட்கார்ந்திருந்தன. மெல்லிய ஈயம், கீழே விழுந்தால் நசுங்கிவிடுமாம். தொட்டால் கையைக் கழுவ வேண்டும். ஒரு மூலையில் அரைக் கிலோ எடைக்கல்! "இது எதற்கு, காய்கறி நிறுக்கவா?" என்றேன். சிரித்தாள். போட்டிக்கு முன் அதிகாரிகள் பிஸ்டலை நிமிர்த்திப் பிடித்து, விசையில் 500 கிராம் எடையைத் தொங்கவிட்டுத் தூக்குவார்கள். விசை விடுபட்டுவிட்டால் பிஸ்டல் உள்ளே போகாது. ஒரு திருகு கால் சுற்றுத் தளர்ந்தாலும் ஆபத்து. ஆகையால் வீட்டிலேயே தினம் ஒரு பரீட்சை.

சிலிண்டருக்கு ஜாதகமே உண்டு. செய்த தேதி மேலே பொறித்திருக்கும். இத்தனை வருஷத்துக்குத்தான் ஆயுள் என்று செய்தவர்கள் சொல்லிவிடுகிறார்கள், பெரும்பாலும் பத்து. காலாவதியான சிலிண்டரைக் கொண்டுவராமல் இருப்பது சுடுபவருடைய பொறுப்பு. பழைய பிஸ்டல் வாங்குகிறவர்கள் பிஸ்டலைப் பார்ப்பதற்குமுன் சிலிண்டரின் தேதியைப் பார்ப்பார்களாம். பெண் பார்க்கப் போய் முதலில் ஜாதகத்தைக் கேட்கும் நம் வழக்கத்தை நான் அன்று கொஞ்சம் மன்னித்தேன். அந்தச் சிலிண்டரை நிரப்புவதற்கோ, முக்குளிப்பவர்கள் முதுகில் சுமக்கும் ஸ்கூபா சிலிண்டர் வேண்டும். கடலே இல்லாத கோயம்புத்தூரில், கட்டிலுக்கடியில் ஒரு கடல் சாமான்!

சோப்பு நுரையில் இரண்டு இடத்தில் குமிழி வந்தது. ஒன்று, சிலிண்டரை நிரப்பும் இணைப்பில். அதற்கு மருந்து ஊரிலேயே கிடைத்தது. பம்புகளும் மில்களும் நிறைந்த ஊரில் ரப்பர் வளையத்துக்கா பஞ்சம்? நானும் மருமகனோடு கடைக்குப் போனேன்.

"எத்தனை பிரஷருக்குங்க?" என்றார் கடைக்காரர்.

"இருநூறு பார்."

"அப்ப எழுபது ஷோர் தாங்காதுங்க, தொண்ணூறு எடுத்துக்குங்க. பம்பு எத்தனை எச்.பி.?"

"பம்பு இல்லீங்க, துப்பாக்கி."

கடைக்காரர் வெர்னியரைக் கீழே வைத்துவிட்டு எங்களை ஒரு தரம் பார்த்தார். விஷயத்தைச் சொன்னதும், பழைய வளையத்தை இருமுறை அளந்து, பொறுக்கியெடுத்துக் கொடுத்தார். நாலு வளையம், டிபன் செலவைவிடக் குறைவு.

இரண்டாவது ஒழுக்கு உள்ளே, வால்வில். அங்கே இருப்பது வளையமே அல்ல. தொப்பி மாதிரி அச்சில் வார்த்த சீல். அந்தப் பிஸ்டலைச் செய்தவர்கள்தான் அதையும் செய்ய வேண்டும். இந்தப் பிஸ்டல்களில் பெயர் பெற்றவை ஜெர்மனி, ஆஸ்திரியா, ஸ்விட்ஸர்லாந்து, இத்தாலி என்று நாலு தேசத்துச் சிற்றூர்களிலிருந்து வருகின்றன. சீலின் விலையைவிட அதை அனுப்பும் கூலி அதிகம். பார்சல் புறப்பட்டுவிட்டது என்று செய்தி வந்தது. சுங்க இலாகாவில் இருக்கிறது என்று அடுத்த செய்தி. அதன்பிறகு செய்தியே இல்லை.

"மாமா, மனு பாக்கருக்கே இப்படி ஆயிருக்கே!" என்றான் மருமகன், ஆறுதலாகவா பயத்தாலா என்று தெரியாதபடி. அந்தச் சம்பவம் இந்த வீடுகளில் எல்லாருக்கும் மனப்பாடம். 2021 ஜூலை 25, டோக்கியோ ஒலிம்பிக்ஸ். பத்தொன்பது வயதுப் பெண், தகுதிச் சுற்றின் நடுவில் நிற்கிறாள். பிஸ்டல் பழுதாகிறது, காக்கிங் லீவர் உடைந்தது என்றார் அவள் பயிற்சியாளர். பழுது பார்த்துத் திரும்புகிறாள். போன நிமிஷங்கள் போனவைதான். மீதிக் குண்டுகளை அவசரமாகச் சுட்டு, அப்படியும் 575 மதிப்பெண் எடுத்தாள். இறுதிச் சுற்றில் கடைசியாக இடம் பிடித்தவருக்கு 577. இரண்டே மதிப்பெண்! மாற்றுப் பிஸ்டல் எடுத்தால் ஆயிற்றே என்று நாம் நாற்காலியிலிருந்து சொல்லலாம். பிறர் செருப்பை மாட்டிக்கொண்டு ஓட்டப்பந்தயம் ஓடச் சொல்வது மாதிரி அது. கைப்பிடி, விசை, குறி எல்லாம் ஒரு கைக்கென்று பழகியவை. மூன்று வருஷம் கழித்து, 2024 ஜூலையில் பாரிஸில் அவர் இரண்டு வெண்கலப் பதக்கங்கள் வாங்கினார். அந்த மூன்று வருஷத்தைப் பற்றி யாராவது ஒரு நாவல் எழுதலாம். எனக்கு வயதாகிவிட்டது.

போட்டிக்கு நாலு நாள் இருக்கையில், பயிற்சிக் கூடத்தில் இந்தப் பெண் கண் கலங்கி உட்கார்ந்திருந்தாளாம். அதே பிரிவில் சுடும் இன்னொரு பெண் வந்து, "என்னக்கா?" என்று கேட்டிருக்கிறாள். அவளுடையதும் அதே வகைப் பிஸ்டல். அவள் தன் பெட்டியைத் திறந்து, ஒரு பிளாஸ்டிக் உறையிலிருந்து அந்தத் தொப்பிச் சீலை எடுத்துக் கொடுத்துவிட்டாள். அவளிடம் இருந்ததே ஒன்றுதான். "உனக்கு வேண்டியிருந்தால்?" என்று இவள் கேட்டதற்கு, "என்னுது இன்னும் ஒழுகலையே" என்றாளாம். கூடத்தில் பழுது பார்க்கும் முன்னாள் ராணுவக்காரர், காற்றை முழுக்க வெளியேற்றிவிட்டு, மூக்குக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, அரை மணியில் மாட்டினார். மறுநாள் காலையில் முள் 200-லேயே நின்றது. மருமகன் எனக்குப் போன் செய்து சொன்ன குரலில், பிள்ளைக்கு ஜுரம் இறங்கியவர்களின் குரல் இருந்தது.

போட்டியில் சீல் கொடுத்த பெண் இரண்டாவது. எங்கள் வீட்டுப் பெண் ஐந்தாவது.

பார்சல் அதற்கு மறுவாரம் வந்து சேர்ந்தது. உள்ளே ஆறு சீல்கள். இரண்டை எடுத்துக்கொண்டுபோய் அந்தப் பெண்ணிடம் கொடுத்தாளாம்.

"ஒன்றுதானே வாங்கினாய்?" என்றேன்.

"ஒண்ணு கடன், தாத்தா. ஒண்ணு வட்டி" என்றாள், பாங்கிக் குமாஸ்தாவின் மகள்.