எள்ளலும் நகையும்

நகை பிறக்கும் நிலைக்களன்களுள் எள்ளலையும் ஒன்றாக வைத்தார் தொல்காப்பியர். மெய்ப்பாட்டியலுக்கு உரை வகுத்த பேராசிரியர் அதனை இருவகையாகப் பகுத்தார். பிறரை எள்ளித் தான் நகுவது ஒன்று. பிறரால் எள்ளப்பட்டவிடத்துத் தானே நகுவது மற்றொன்று. இவ்விரண்டும் ஒருவர் வாழ்விலேயே கூடி நின்ற வரலாறு ஒன்று ஹாலிவுட் படவுலகில் உண்டு.

1902இல் புளோரிடா மாநிலத்தின் கீ வெஸ்ட் நகரில் பிறந்தவர் லிங்கன் பெரி, கறுப்பினத்தவர். ஸ்டெப்பின் பெட்சிட் என்பது அவர் திரைப்பெயர். உலகின் முதற்பெருஞ் சோம்பேறி என விளம்பரம் பெற்ற வேடமே அவருடைய முதலீடு. தளர்ந்த நடை, பாதி மூடிய கண்கள், வாய்க்குள்ளேயே கரைந்துபோகும் பேச்சு. இவையே அவ்வேடத்தின் அடையாளங்கள். 1934இல் ஜான் போர்டு இயக்கிய ‘ஜட்ஜ் பிரீஸ்ட்’ படத்தில், கோழி திருடியதாகக் குற்றம் சாட்டப்பட்டு நீதிமன்றத்தில் நிற்க வேண்டியவர் அங்கேயே உறங்கிவிடுகிறார். வழக்கோ மீன்பிடிக்கும் பேச்சில் போய் முடிகிறது. அரங்கம் குலுங்கிச் சிரித்தது.

அச்சோம்பேறி திரைக்கு வெளியே ‘சிகாகோ டிபெண்டர்’ என்னும் கறுப்பின மக்களின் இதழில் எழுதியவர் என்பதைச் சிரித்தவர்களுள் எத்தனை பேர் அறிவர்? மில்லியன் டாலர் ஈட்டிய முதல் கறுப்பின நடிகர் என்றும் அவரைக் கூறுவர். அறிவை மறைத்து, பேதைமையை விற்றே அவர் அச்செல்வத்தைச் சேர்த்தார்.

வெள்ளையரிலும் சோம்பேறிகளைத் திரை காட்டியதே என்று கேட்கலாம். காட்டியது உண்மை. ஆயின் அவர்களுக்கு அருகில் வெள்ளை நீதிபதியும் மருத்துவரும் காதலனும் இருந்தனர். கறுப்பினத்தவர்க்கோ ஏவலாள், திருடன், பேதை என்பவற்றைத் தாண்டிய வேடம் அரிது. பல முகங்கள் இருந்திருப்பின் சோம்பேறி ஒரு மனிதனாகவே நின்றிருப்பான். ஒரே முகமாகிவிட்டமையால் அவன் ஓர் இனமாகிவிட்டான்.

வேறு சிலர்க்கு அந்த ஒரு முகமும் கிட்டவில்லை. பிளேக் எட்வர்ட்ஸ் இயக்கிய ‘பிரேக்பாஸ்ட் அட் டிபனீஸ்’ படத்தில் (1961) மிக்கி ரூனி பொய்ப்பல் பொருத்திக்கொண்டு ஜப்பானியரானார். அதே இயக்குநரின் ‘தி பார்ட்டி’யில் (1968) பீட்டர் செல்லர்ஸ் முகத்தில் சாயம் பூசிக்கொண்டு இந்தியரானார். முன்னதன் பொருட்டு எட்வர்ட்ஸ் பின்னாளில் வருந்தினார்.

1968இல் ஒரு தொலைக்காட்சி ஆவணப்படம் பெரியின் வேடத்தைக் கடிந்தது. திரையில் நீதிமன்றத்தில் உறங்கியவர், 1970இல் தம் பெயரைக் காக்க மெய்யான நீதிமன்றத்தின் படியேறினார், வெற்றி கிட்டவில்லை. 1976இல் கறுப்பின மக்களின் உரிமைச் சங்கத்தினுடைய ஹாலிவுட் கிளை அவருக்குச் சிறப்பு விருது அளித்தது. 1985இல் அவர் மறைந்தார்.

ஆண்டானின் வேலையைச் செய்யாமல் நழுவும் அடிமையின் தந்திரமே அவ்வேடம் என்று ஆய்வாளர் சிலர் கொள்வர். அவ்வாறாயின் திரைக்குள் அவரும் நகைத்துக்கொண்டுதான் இருந்தார். அரங்கின் சிரிப்பொலியில் அந்நகை யார் செவிக்கும் எட்டவில்லை.