பாஸ்ட் அவே எண்டு எழுதலாமோ?

சனிக்கிழமை பின்னேரங்களில் பருத்தித்துறையில் சாதாரண தரப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் வகுப்பு எடுக்கிறோம். நாங்கள் மூன்று பேர், கலைப்பீடத்தில் ஒரே வருடம். சம்பளம் இல்லை. தேத்தண்ணி வரும், சில நாட்களில் தட்டை வடையும் வரும்.

அந்தக் கிழமைப் பாடம், பணிவாகக் கேட்பது. பிள்ளைகள் எல்லா வசனத்திலும் 'பிளீஸ்' ஒட்டினார்கள். அது மட்டும் காணாது. எங்களுக்கு 'திறவுங்கோ' எண்டால் போதும், மரியாதை வினைச்சொல்லின் வாலிலேயே இருக்கிறது. இங்கிலீஷ் வினைக்கு அந்த வால் இல்லை. அதனால் கட்டளையைக் கேள்வியாக்க வேண்டும், 'கேன்' எண்டதை 'குட்' ஆக்கி ஓரடி பின்னுக்கு நிற்க வேண்டும். 'வுட் யூ மைன்ட்' எண்டு கேட்டால் 'நோ' சொல்பவர்தான் கதவைத் திறப்பார் எண்டதும் வகுப்பே சிரித்தது.

"எங்கட அம்மாவும் அப்பிடித்தான். 'முத்தம் குப்பையாக் கிடக்கு' எண்டால் கூட்டச் சொல்லுறா எண்டு அர்த்தம்" எண்டான் ஒருவன். பிறகு பாடம் தானாக ஓடியது. 'போறன்' எண்டு சொல்லாமல் 'போட்டு வாறன்' எண்டுதானே படலையைத் தாண்டுகிறோம்? சொல்லக் கூசுவதை மறைத்துச் சொன்னால் இடக்கரடக்கல், அமங்கலத்தை மாற்றிச் சொன்னால் மங்கலம் எண்டு நன்னூல் பிரித்து வைத்திருக்கிறது. மரண அறிவித்தலில் வரும் 'சிவபதமடைந்தார்' போலத்தான் 'பாஸ்ட் அவே' எண்டு பலகையில் எழுதினோம்.

கடைசியாக, குடும்பத்தைப் பற்றி ஐந்து வசனம் எழுதச் சொன்னோம். ஒரு பிள்ளை நாலாவதில் நின்றுவிட்டாள்.

"அக்கா, எங்கட மாமா 2009க்குப் பிறகு வரேல்லை. பாஸ்ட் அவே எண்டு எழுதலாமோ? அம்மம்மா கண்டால் ஏசுவா."

ஆளையாள் பார்த்தோம். 'மிசிங்' எண்டு போடச் சொன்னோம்.

"அது காணாமல் போனதெல்லோ? அப்பிடிச் சொல்லவும் அம்மம்மா விடமாட்டா. அவர் தானாப் போகேல்லையாம்."

2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தெருவோரத்தில் இருக்கத் தொடங்கிய தாய்மாரின் சொல்லும் அதுதான்: காணாமல் ஆக்கப்பட்டோர். 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த அலுவலகத்தின் பெயரிலோ 'காணாமற்போன ஆட்கள்' எண்டுதான் இருக்கிறது. 'போன' எண்டால் போனவரோடு கதை முடிகிறது. 'ஆக்கப்பட்ட' எண்டால் ஆக்கியது ஆர் எண்டு கேட்க வேண்டி வருகிறது.

'ஹீ வோஸ் டிஸப்பியர்ட்' எண்டு எழுதச் சொன்னோம்.

"அண்ணா, அது பிழையெல்லோ?" எண்டு முன்வாங்கில் குரல். 'டிஸப்பியர்' போன்ற வினைகளுக்குச் செயப்பாட்டுவினை வராது எண்டு போன மாதம் படிப்பித்ததே நாங்கள்தான். ஆர்ஜென்டினாவில் 1976இல் வந்த இராணுவ ஆட்சியில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மாரும் சதுக்கத்தில் இறங்கி நடந்தவை, அப்படியான இடங்களின் கதையைச் சொல்ல இங்கிலீஷும் தன் இலக்கணத்தை வளைத்தது எண்டு விளங்கப்படுத்தினோம். சோதனையில் புள்ளி குறையலாம் எண்டதையும் மறைக்கவில்லை.

அவள் அதையே எழுதினாள்.

வகுப்பு முடிய எல்லாரும் 'போட்டு வாறம்' எண்டு கிளம்பினார்கள். பலகையில் 'பாஸ்ட் அவே' அப்படியே கிடந்தது. மெதுவான சொல் எண்டு மட்டும் படிப்பித்தது காணாது. அதை ஆருக்குச் சொல்லக்கூடாது எண்டதையும் அடுத்த கிழமை படிப்பிக்க வேண்டும்.