கடைசி வரிசை

பாப்பாவுக்கு நெபுலைசர் வைத்தால் பத்து நிமிடம் ஓடும். ஒரு கையால் மாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு மறுகையால் போனை நோண்டுவதுதான் 2022 ஜூனில் என் இரவு வேலை. அப்படி ஓர் இரவில்தான் ஆபீஸ் நண்பன் லிங்க் அனுப்பினான். "மச்சி, நம்மதான்டா லாஸ்ட்."

யேல், கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஈராண்டுக்கொருமுறை வெளியிடும் சுற்றுச்சூழல் செயல்திறன் குறியீடு அது. 180 நாடுகள், 40 அளவீடுகள். டென்மார்க் 77.9 மதிப்பெண்ணோடு முதலிடம். இந்தியா 18.9, இடம் 180. நாட்டின் பெயரைத் தொட்டால் காற்று, குடிநீர், காடு, மீன்வளம் என்று ஒவ்வொன்றாக விரிகிறது.

எனக்கு முதலில் வந்தது கோபம். சில நாட்களில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகமும் மறுப்பு வெளியிட்டது. அதில் ஒரு விஷயம் நியாயமாகவே பட்டது. கடந்த பத்தாண்டுப் போக்கை அப்படியே நீட்டி 2050இல் ஒரு நாடு எவ்வளவு கரியமிலம் வெளியிடும் என்று கணித்து, அதற்குக் கணிசமான எடை கொடுத்திருந்தார்கள். பத்து வருடக் கோட்டை முப்பது வருடத்துக்கு நீட்டி நான் சர்வர் கேட்டால் மேனேஜர் துரத்திவிடுவார். ஏற்கெனவே எரித்துத் தள்ளிவிட்டு இப்போது குறைத்துக்கொள்பவனின் கோடு இறங்கும். இப்போதுதான் ஃபேன் வாங்குகிறவனின் கோடு ஏறும். இத்தனைக்கும் ஓர் அமெரிக்கரின் கணக்கில் ஆண்டுக்குச் சுமார் 15 டன் கார்பன் டை ஆக்சைடு, ஓர் இந்தியரின் கணக்கில் சுமார் 2 டன்தான்.

தரவை இறக்கி எக்செல்லில் போட்டேன். 2050 கணிப்பின் எடையைப் பூஜ்யமாக்கி, தனிநபர் உமிழ்வுக்கு எடையைக் கூட்டினேன். இந்தியா மேலே வந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளினேன், இன்னும் வந்தது. மூன்று இரவுகள் இதே விளையாட்டு. நான் செய்வதும் அவர்கள் செய்ததும் ஒன்றுதான் என்று தெரியாமல் இல்லை. விரும்பிய விடைக்கு எடை தேடிக்கொண்டிருந்தேன், நாட்டுப்பற்றோடு.

ஆனால் காற்று என்ற பத்தியில் என் எடைகளுக்கு வேலையே இல்லை. அது கணிப்பு அல்ல; நுண்துகளால் மக்கள் இழக்கும் ஆயுளின் கணக்கு. எப்படி வரிசைப்படுத்தினாலும் நாம் கடைசிக் கும்பலில்தான் இருந்தோம்.

பக்கத்தில் மெஷின் உறுமிக்கொண்டிருந்தது.

நம்மூர் ஆப்பைத் திறந்தேன். பச்சை. மனைவி எட்டிப் பார்த்து, "நல்லாத்தானே இருக்கு, அப்புறம் ஏன் இழுக்குது?" என்றாள். நம் கணக்கில் ஒரு நாளின் சராசரி நுண்துகள் ஒரு கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம் வரை 'திருப்தி', பச்சைதான். உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன வரம்பு 15. ஆண்டுச் சராசரிக்கு நம் சட்டம் 40 வரை விடுகிறது, அவர்கள் 5. நிறம் எந்த எண்ணில் மாற வேண்டும் என்று யாரோ உட்கார்ந்து முடிவெடுத்திருக்கிறார்கள். என் வேலையில் நானும் அப்படிப் பச்சையாக்கிய டேஷ்போர்டுகள் உண்டு. இதை அவளிடம் சொல்லவில்லை. "சீசன் மாறுதுல்ல" என்றேன்.

2024 பட்டியலில் எஸ்டோனியா முதலிடம், வியட்நாம் கடைசி, இந்தியா 176. கணக்கிடும் முறை மாறிவிட்டதால் பழைய பட்டியலோடு ஒப்பிடக் கூடாது என்று தயாரித்தவர்களே சொல்கிறார்கள். நண்பன் அதையெல்லாம் படித்திருக்க மாட்டான். "மச்சி, நாலு இடம் மேல வந்துட்டோம்!" என்று அனுப்பினான். பாப்பாவின் ஸ்கூல் பையில் இன்ஹேலர் இருக்கிறதா என்று துழாவிக்கொண்டிருந்தேன். கட்டைவிரல் ஒன்றை அனுப்பிவிட்டுத் தேடலைத் தொடர்ந்தேன்.