ஜெனரேட்டர் மூச்சு வாங்கிய கதை

போன வாரம் எங்க அப்பார்ட்மெண்ட்ல கரண்ட் போச்சு. கீழே ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆச்சு. ஆனா சத்தம் சீரா இல்லை. உர்ர்ர்னு ஏறுது, உடனே இறங்குது, மறுபடி ஏறுது. ஃபேனும் அதுக்குத் தகுந்த மாதிரி வேகமாவும் மெதுவாவும் சுத்துது. "அப்பா, ஜெனரேட்டருக்கு வீசிங்கா?"ன்னு பொண்ணு கேட்டா.

கீழே போய் செக்ரட்டரி கிட்ட சொன்னேன். "சல் ரஹா ஹை நா?" அப்படின்னுட்டார். ஓடுதில்ல, அப்புறம் என்னங்கற அர்த்தத்துல. அவரைக் குத்தம் சொல்ல எனக்கு அருகதை இல்லை. ஏன்னா அதே அர்த்தம் வர்ற ஒரு ரிப்போர்ட்டை நானே ஒரு தடவை எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கேன். அதுவும் ஒரு அணுமின் நிலையத்துல. கொசுவத்தி சுத்துது, கொஞ்சம் பின்னாடி போயிட்டு வருவோம்.

2009. டீசல் என்ஜின் கவர்னர் சர்வீஸ் பண்ற ஒரு கம்பெனியில அப்போ இருந்தேன். கவர்னர்னா ராஜ்பவன்ல இருக்கிறவர் இல்லீங்க. என்ஜினோட வேகத்தை ஒரே அளவுல நிறுத்தி வைக்கிற சாதனம். ஃப்ளைவீல் பல்லுக்குப் பக்கத்துல இருக்கிற ஒரு காந்த சென்சார் பல்லை எண்ணி வேகத்தைச் சொல்லும். வேகம் குறைஞ்சா கவர்னர் பெட்டி ஆக்சுவேட்டருக்கு உத்தரவு போடும். அது ஒரு தண்டைத் தள்ளும். அந்தத் தண்டு எல்லா சிலிண்டரோட பம்ப்லயும் இருக்கிற ராக்கை நகர்த்தி டீசலை அதிகமா விடும். வேகம் கூடினா இதே வேலை தலைகீழா நடக்கும்.

இந்தச் சங்கிலியில எங்கயாவது தாமதம் வந்துட்டா தேவைக்கு மேல கொடுத்து, அப்புறம் தேவைக்கு மேல குறைச்சு, என்ஜின் ஆடிக்கிட்டே இருக்கும். இதுக்குப் பேர் ஹன்டிங். நம்ம ஊர் பம்ப்செட் மெக்கானிக் "என்ஜின் மூச்சு வாங்குது"ன்னு அழகா சொல்லுவார். ஜேம்ஸ் வாட் நீராவி என்ஜினுக்கு குண்டு வச்ச கவர்னர் மாட்டினது 1788. இந்த மாதிரி ஆட்டம் ஏன் வருதுன்னு மேக்ஸ்வெல் கணக்குப் போட்டு கட்டுரை எழுதினது 1868. அவ்வளவு பழைய வியாதி.

அணுமின் நிலையமே கரண்ட் தயாரிக்குது, அதுக்கு எதுக்கு ஜெனரேட்டர்னு கேக்கறீங்களா? உலையை நிறுத்தினாலும் சூடு நிக்காது. நிறுத்தின உடனே முழு வெப்பத்துல சுமார் 6 சதவீதம் மிச்சம் இருக்கும். 220 மெகாவாட் மின்சாரம் தர்ற உலையில வெப்பம் கிட்டத்தட்ட 750 மெகாவாட். அப்போ நிறுத்தின பிறகும் 45 மெகாவாட் கொதிச்சிட்டு இருக்கு. நேரம் ஆக ஆகக் குறையும், ஆனா ஒரு நாள் கழிச்சும் தண்ணி ஓடிக்கிட்டே இருக்கணும். நம்ம நாட்டு நிலையங்கள்ல மின்சாரத்தை நாலு வகுப்பா பிரிச்சிருப்பாங்க. வெளியிலிருந்து வர்ற கிரிட் கரண்ட் நாலாம் வகுப்பு. அது போயிட்டா டீசல் ஜெனரேட்டர் தர்றது மூணாம் வகுப்பு. இன்வெர்ட்டர் ரெண்டு, பேட்டரி ஒண்ணு. பேட்டரி ரொம்ப நேரம் தாங்காது, பெரிய பம்பையும் ஓட்டாது. அதனால டீசல்தான் நம்பிக்கை.

நிலையத்தோட பேர் வேண்டாம். மேற்குப் பக்கம்னு வச்சுக்குங்க. அங்க இருந்த ஒரு டீசல், லோடு இல்லாம ஓடும்போது 49 ஹெர்ட்ஸுக்கும் 51 ஹெர்ட்ஸுக்கும் நடுவுல ஆடுது. ஆறு போல் மெஷின், 1000 ஆர்பிஎம்ல ஓடணும். இது 980க்கும் 1020க்கும் ஊஞ்சல் ஆடுது. நான் போனேன். கவர்னர் பெட்டியைத் திறந்து கெயின் திருகைக் கொஞ்சம் குறைச்சேன். கெயின்னா வேகம் மாறினதுக்கு எவ்வளவு துள்ளிப் பதில் சொல்லணும்கிற அளவு. குறைச்சதும் ஆட்டம் நின்னுச்சு. கிரிட்டோட இணைச்சு முழு லோடு ஏத்தினோம். கல்லு மாதிரி நின்னுச்சு. "நார்மல்"னு எழுதி, கையெழுத்துப் போட்டு, சாயங்கால ரயிலைப் பிடிச்சேன்.

இங்கதான் நான் ஏமாந்தேன். கிரிட்டோட இணைஞ்சிருக்கும்போது வேகத்தைப் பிடிச்சு வைக்கிறது கிரிட், இந்த கவர்னர் இல்லை. கூட்டமான டவுன் பஸ்ல தண்ணி போட்டவன்கூட நேராத்தான் நிப்பான், விழ இடம் இருந்தாத்தானே! ஆனா நிஜமான ஆபத்து வர்றப்போ கிரிட் இருக்காது. டீசல் தனியா நிக்கணும்.

மூணு மாசம் கழிச்சு போன் வந்துச்சு. வருஷாந்திர நிறுத்தத்துல கிரிட்டைத் துண்டிச்சு நிஜமான சோதனை பண்ணியிருக்காங்க. டீசல் ஸ்டார்ட் ஆகி, பம்ப்கள் ஒவ்வொண்ணா வரிசைப்படி ஏறியிருக்கு. ரெண்டாவது பெரிய பம்ப் ஏறினப்போ ஹெர்ட்ஸ் அனுமதிச்ச எல்லைக்குக் கீழ விழுந்து, எழுந்து வர ரொம்ப நேரம் எடுத்திருக்கு. கெயினைக் குறைச்சா அப்படித்தான் ஆகும். நான் அமைதிப்படுத்தல, மயக்க மருந்து கொடுத்திருந்தேன்.

மறுபடி சிஐஎஸ்எஃப் கேட், பாஸ், செக்கிங் எல்லாம் தாண்டி உள்ளே போனேன். இந்தத் தடவை என்கூட வந்தவர் அங்கத்திய மெக்கானிக், எல்லாருக்கும் அவர் 'காகா'. நம்ம ஊர் காக்கா இல்லை, மராத்தியில சித்தப்பா. நான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்ததும், "சாப், முதல்ல என்ஜினைக் கேளுங்க, அப்புறம் பெட்டியைக் கேளுங்க"ன்னார்.

கெயினைப் பழைய இடத்துக்கே கொண்டு வந்தேன். ஆட்டம் திரும்ப வந்துச்சு. ராக்கை ஒரே இடத்துல பிடிச்சு நிறுத்திப் பார்த்தோம். அப்பவும் வேகம் ஆடினா டீசல் லைன்ல காத்து, இல்லை ஏதோ ஒரு சிலிண்டர் சரியா எரியலைன்னு அர்த்தம். ஆடல. அப்போ கவர்னர், இல்லேன்னா நடுவுல இருக்கிற தண்டு. சென்சார் இடைவெளி சரி, வயர் சரி. ரெக்கார்டர்ல ரெண்டு கோடு எடுத்தேன். ஒண்ணு ஆக்சுவேட்டருக்குப் போற உத்தரவு, இன்னொண்ணு ராக் நிஜமா நகர்றது. உத்தரவு வழவழன்னு ஏறுது, ராக் அசையல. கொஞ்ச நேரம் முரண்டு பிடிச்சு, திடீர்னு தாவுது. பெட்டி பாவம், அது ஒழுங்காத்தான் சொல்லியிருக்கு.

என்ஜினை நிறுத்தி, ஆக்சுவேட்டரைக் கழட்டிட்டு காகா தண்டைக் கையால தள்ளினார். "இறுக்கமா இருக்கு" அப்படின்னார். ஒவ்வொரு பம்பா பார்த்துட்டு வந்தோம். மூணாவது பம்ப் ராக்ல பளபளன்னு ஒரு படலம். பெயிண்ட்! ஏதோ இன்ஸ்பெக்ஷன் வருதுன்னு என்ஜினுக்குப் புதுசா பெயிண்ட் அடிச்சிருக்காங்க. துளி சொட்டி ராக்ல காய்ஞ்சிருக்கு. தண்டோட ஒரு பால் ஜாயிண்ட்டும் தேய்ஞ்சு லொடலொடன்னு இருந்துச்சு. பெயிண்ட்டைச் சுத்தம் பண்ணி, ஜாயிண்ட்டை மாத்தி, மறுபடி தனியா லோடு ஏத்தினோம். ஹெர்ட்ஸ் லேசா குனிஞ்சு, ரெண்டு மூணு செகண்ட்ல நிமிர்ந்துச்சு.

வேலை முடிஞ்சுது, ரிப்போர்ட் முடியல. மேனேஜர் போன்ல சொன்னார்: "'லிங்கேஜ் சுத்தம் செய்யப்பட்டது, செட்டிங் சரி செய்யப்பட்டது'ன்னு ரெண்டு வரி போதும். யார் மாத்தினா, எப்ப மாத்தினாங்கற கதையெல்லாம் வேண்டாம்." செயப்பாட்டு வினை எவ்வளவு வசதியானதுன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. கெஸ்ட் ஹவுஸ்ல ராத்திரி தூக்கம் வரல. தங்கமணி கிட்ட போன்ல புலம்பினேன். "நீங்க எழுதலேன்னா என்னிக்காவது அந்த பெயிண்ட் அடிச்ச பையன் தலையிலதான் மொத்தமும் விடியும்"னு சொல்லிட்டு வச்சுட்டா.

காலையில எழுதினேன். ராக்ல பெயிண்ட் இருந்தது. மூணு மாசம் முன்னாடி நான் கெயினைக் குறைச்சது அதை மறைச்சது. தனியா லோடு ஏத்திப் பார்க்காம நார்மல்னு எழுதினதும் நான்தான்.

அதைப் படிச்ச நிலையத்து இன்ஜினியர் ஒண்ணும் சொல்லல. எழுந்து அடுத்த ரூமுக்குப் போனார். ஒரு டீசல் போனா இன்னொண்ணு காப்பாத்தும்னுதான் ஒண்ணுக்கு மேல வச்சிருக்காங்க. ஆனா பெயிண்ட் அடிச்ச கை ஒண்ணுதானே! அங்கேயும் ரெண்டு ராக்ல துளி இருந்துச்சு. நல்லவேளை, இன்னும் இறுகல. 'செட்டிங் சரி செய்யப்பட்டது'ன்னு மட்டும் எழுதியிருந்தா அந்த ரூமை யாரும் திறந்திருக்க மாட்டாங்க. பெயிண்ட் அடிச்சா ராக்கைக் கையால நகர்த்திப் பார்க்கணும், கவர்னரைத் தொட்டா கிரிட் இல்லாம சோதிக்கணும்னு ரெண்டு வரி அவங்க நடைமுறையில சேர்ந்துச்சு. எனக்கு அந்த வருஷம் இன்க்ரிமெண்ட் ஒண்ணும் சொல்லிக்கிற மாதிரி இல்லை.

ரெண்டு வருஷம் கழிச்சு, 2011 மார்ச் 11. ஃபுகுஷிமாவுல நிலநடுக்கத்துல வெளி கரண்ட் போச்சு, டீசல்கள் ஸ்டார்ட் ஆச்சு, சுமார் ஒரு மணி நேரத்துக்குள்ள சுனாமி தண்ணி வந்து மூழ்கடிச்சுது. ஆறாவது உலையோட ஒரே ஒரு காத்துக் குளிர்விப்பு டீசல் மட்டும் தாக்குப் பிடிச்சு, அஞ்சாவது ஆறாவது ரெண்டு உலையையும் காப்பாத்துச்சு. ஒரே ஒண்ணு! டிவியைப் பார்த்துட்டு நான் நினைச்சது அந்த மூணு மாசத்தைத்தான். அந்த ஒண்ணு, நான் "நார்மல்" எழுதின ஒண்ணா இருந்திருந்தா?

சரி, எங்க ஜெனரேட்டருக்கு வருவோம். நேத்து எலக்ட்ரீஷியன் வந்தான். பெட்டியைத் திறந்து திருகைத் தேடினான். "இருப்பா, முதல்ல ஃபில்டரையும் லிங்கேஜையும் பாரு"ன்னேன். செக்ரட்டரி என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஃபில்டர் முழுக்க அழுக்கு. மாத்தினதும் மூச்சு சீராயிடுச்சு.

பொண்ணுதான் கேட்டா: "வீசிங் போயிடுச்சாப்பா?"

போயிடுச்சும்மா.